தெருவில் நம்மைப் பார்க்கும் கேமராக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அடுத்த முறை சிக்னலில் நிற்கும்போது கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். ஒரே கம்பத்தில் நாலைந்து கேமராக்கள் இருக்கும். அவற்றை யார் வைத்தார்கள், படம் எங்கே போகிறது, எத்தனை நாள் இருக்கும் என்று அந்தக் கம்பத்தில் ஒரு வரிகூட எழுதியிருக்காது. இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நண்பர்களும் அக்கம்பக்கத்தாரும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

ஸ்மார்ட் சிட்டி கண்காணிப்பு என்றால் சிசிடிவி கேமரா மட்டும்தானா?

இல்லை. கேமரா அதில் ஒரு பகுதிதான். மத்திய அரசின் ஸ்மார்ட் சிட்டி திட்டம் 2015 ஜூன் 25 அன்று தொடங்கியது. தேர்வான 100 நகரங்களில் தமிழ்நாட்டு நகரங்கள் 11: சென்னை, கோவை, மதுரை, திருச்சி, தஞ்சாவூர், சேலம், ஈரோடு, திருப்பூர், வேலூர், நெல்லை, தூத்துக்குடி. இந்த 100 நகரங்களிலும் ஒருங்கிணைந்த கட்டுப்பாட்டு மையம் அமைக்கப்பட்டது. சுவர் முழுக்கத் திரைகள் இருக்கும் அந்த அறையைச் செய்திப் படங்களில் பார்த்திருப்பீர்கள். குப்பை வண்டியின் ஜிபிஎஸ், தெருவிளக்கு, வெள்ள அளவு, போக்குவரத்து, நம்பர் பிளேட் படிக்கும் கேமரா என்று ஊருக்கு ஊர் வெவ்வேறு விஷயங்கள் அங்கே வந்து சேரும்.

பழைய மளிகைக்கடை கேமராவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இந்தச் சேர்க்கைதான். கடைக்காரரின் ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவு தானாக அழிந்துவிடும். கல்லாவில் பணம் குறைந்தால்தான் அவர் அதைப் போட்டே பார்ப்பார். பல கேமராக்களை ஒரே இடத்தில் இணைத்து, அதன்மேல் முகத்தையோ வண்டி எண்ணையோ தேடும் மென்பொருளைப் போட்டுவிட்டால் கதை மாறுகிறது. இந்த ஆள் போன மாதம் எங்கெல்லாம் போனார் என்று ஒருவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்கலாம்.

பொது இடம்தானே? அங்கே என்ன அந்தரங்கம்?

அதிகம் வரும் கேள்வி இதுதான். நியாயமான கேள்வியும்கூட. தெருவில் நடந்தால் நாலு பேர் பார்க்கத்தான் செய்வார்கள். டீக்கடைக்காரர் பார்ப்பார், எதிர்வீட்டு அக்கா பார்ப்பார். ஆனால் அவர்கள் பார்த்ததை மறந்துவிடுவார்கள். நீங்கள் அடுத்த தெருவுக்குப் போனால் பின்னாலேயே வரமாட்டார்கள். ஒருவர் நாள் முழுக்க உங்கள் பின்னாலேயே வந்து, போன இடத்தையெல்லாம் நோட்டில் குறித்துக்கொண்டே இருந்தால் சும்மா விடுவீர்களா? இணைக்கப்பட்ட கேமராக்கள் அந்த நோட்டைத்தான் எழுதுகின்றன, அதுவும் ஊரில் உள்ள எல்லோருக்கும்.

அந்த நோட்டில் என்னவெல்லாம் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். வாரம் ஒரு முறை மனநல மருத்துவரிடம் போகிறவர், வீட்டுக்குத் தெரியாமல் குடி மறுவாழ்வு மையத்துக்குப் போகிறவர், தொழிற்சங்கக் கூட்டத்துக்குப் போகிறவர், வேறு சாதிப் பையனைப் பார்க்கப் போகும் பெண். இவர்களில் யாரும் எந்தக் குற்றமும் செய்யவில்லை. ஆனால் இந்த விவரம் தவறான ஒருவர் கையில் சிக்கினால் ஒரு வாழ்க்கை போய்விடும். கடைசி உதாரணத்தில் உயிரே போகலாம். நம் ஊரில் அதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

பெயர் இல்லாவிட்டால் பரவாயில்லை என்றும் நினைக்க வேண்டாம். 15 லட்சம் பேரின் 15 மாத செல்போன் இருப்பிடத் தரவை வைத்து 2013-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஒருவர் எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்று வெறும் 4 புள்ளிகள் தெரிந்தாலே, 95% பேரை மற்றவர்களிடமிருந்து தனியாகப் பிரித்துவிட முடிந்தது.

உச்ச நீதிமன்றமும் இந்தக் கேள்வியைத் தொட்டிருக்கிறது. 2017 ஆகஸ்ட் 24 அன்று வந்த புட்டசாமி வழக்குத் தீர்ப்பில், தனியுரிமை அடிப்படை உரிமை என்று 9 நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். பொது இடத்துக்கு வந்துவிட்டார் என்பதாலேயே ஒருவர் அதை இழந்துவிடுவதில்லை, அது மனிதரோடு சேர்ந்தது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

நான் எந்தத் தப்பும் செய்யவில்லை. எனக்கு என்ன பயம்?

நீங்கள் தப்பு செய்யாமல் இருக்கலாம். இயந்திரம் செய்யுமே. 2020 ஜனவரியில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரை ஒட்டிய புறநகர் ஒன்றில் ஒரு கறுப்பினத்தவரை அவர் வீட்டு வாசலில், மனைவியும் பிள்ளைகளும் பார்க்க டெட்ராய்ட் போலீஸ் கைது செய்தது. ஒரு கடையில் கைக்கடிகாரங்கள் திருடியதாகக் குற்றச்சாட்டு. கடை கேமராவின் மங்கலான படத்தை முக அடையாள மென்பொருளில் போட்டபோது அவருடைய பழைய ஓட்டுநர் உரிமப் படம் வந்திருக்கிறது. அவ்வளவுதான். சுமார் 30 மணி நேரம் காவலில் இருந்தார். திருடியவர் அவர் இல்லை.

இந்தத் தவறு எல்லோருக்கும் ஒரே அளவில் நடப்பதும் இல்லை. ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரண்டு கணினி ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வணிக மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களிடம் பிழை 1 சதவீதத்தைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்களிடம் அது 34.7% வரை போனது. அதன்பின் மென்பொருள்கள் மேம்பட்டிருக்கின்றன என்பது உண்மை. ஆனாலும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ரயில் நிலையத்தை நாளொன்றுக்கு 1 லட்சம் பேர் கடக்கிறார்கள், மென்பொருள் ஆயிரத்தில் ஒருவரை மட்டும் தவறாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 99.9% சரி என்று விளம்பரம் செய்யலாம். ஆனால் தினமும் 100 அப்பாவிகளை அது சந்தேகத்துக்குரியவர் என்று சுட்டும். அந்த நூறில் ஒருவராக நாம் இருக்க நேர்ந்தால்?

போக்குவரத்துக்கும் விளக்குக்கும்தான் வைக்கிறோம் என்கிறார்களே, அதை நம்பலாமா?

சொல்கிறவர் உண்மையாகவே சொல்லலாம். பிறகு என்ன ஆகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால் இந்த விஷயத்தில் பெரிய ஆபத்து இதுதான்: ஒன்றுக்கென்று வாங்கியது இன்னொன்றுக்குப் பயன்படுவது.

கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரம் 2016 டிசம்பரில் சுமார் 3 கோடி டாலர் செலவில் ஸ்மார்ட் தெருவிளக்குத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. மின்சாரம் மிச்சமாகும், வண்டிகளையும் நடப்பவர்களையும் எண்ணலாம், காலியான பார்க்கிங் இடம் தெரியும் என்றார்கள். 3,000-க்கும் மேற்பட்ட விளக்குகளில் சென்சார்கள் ஏறின. சென்சாரில் கேமராவும் இருந்தது. 2018-ல் ஒரு கொலை வழக்கில் போலீஸ் அந்தப் பதிவைக் கேட்டு வாங்கியது. அதன் பிறகு அது வழக்கமான விசாரணைக் கருவியாகவே ஆகிவிட்டது. தங்கள் தெருவிளக்கு படம் பிடிக்கிறது என்பதே ஊர்க்காரர்களில் பெரும்பாலோருக்கு 2019-ல்தான் தெரியவந்தது. திட்டத்துக்குக் கை தூக்கிய நகரமன்ற உறுப்பினர்களில் சிலருக்கே முழு விவரம் தெரிந்திருக்கவில்லை. மக்கள் அமைப்புகள் கூட்டணி சேர்ந்து போராடின. 2020 செப்டம்பரில் மேயர் அவற்றை அணைக்கச் சொன்னார். 2022-ல், எந்தக் கண்காணிப்புக் கருவி வாங்கினாலும் முதலில் பொதுமக்கள் முன் வைக்க வேண்டும் என்று நகரச் சட்டமே வந்தது. அப்புறம் 2023-ல் புதிய கேமராக்களுக்கு மறுபடி அனுமதி கிடைத்ததும் நடந்தது. ஆனால் இந்த முறை எல்லோரும் பார்க்க, பொது விவாதத்துக்குப் பிறகு.

நம் நாட்டில் இதே கதை தில்லியில் நடந்தது. காணாமல்போன குழந்தைகளைக் கண்டுபிடிக்க என்றுதான் தில்லி காவல்துறைக்கு முக அடையாள மென்பொருள் வந்தது. அந்த வேலையில் அதன் துல்லியம் 2% என்று 2018-ல் தில்லி உயர் நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. அடுத்த ஆண்டு, 1 சதவீதத்துக்கும் குறைவு, ஆண் குழந்தையையும் பெண் குழந்தையையும்கூட அதனால் பிரித்துச் சொல்ல முடியவில்லை என்றார்கள். குழந்தைகளைத் தேட உதவாத அதே தொழில்நுட்பம், போராட்டங்களில் கலந்துகொண்டவர்களையும் பொதுக்கூட்டங்களுக்கு வருபவர்களையும் பார்க்கப் போனது. 2020 தில்லி கலவரத்துக்குப் பிறகு, முக அடையாளம் மூலம் 1,100-க்கும் மேற்பட்டோரைக் கண்டுபிடித்ததாகவும், அதற்கு வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமத் தரவுகளைப் பயன்படுத்தியதாகவும் உள்துறை அமைச்சர் அமித் ஷா மார்ச் மாதம் மக்களவையில் சொன்னார். ஓட்டுப் போடுவதற்காகக் கொடுத்த படம் அது. 80% ஒத்துப்போனாலே பொருத்தம் என்று தில்லி காவல்துறை எடுத்துக்கொள்வது 2022-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்ட கேள்வியால் வெளிவந்தது.

கேமரா இருந்தால் குற்றம் குறையாதா?

சில இடங்களில் குறைகிறது. 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் காலை நேரத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோது, அந்த நிலையத்தில் ஒரு கேமராகூட இல்லை. பக்கத்துத் தெருக் கேமராப் பதிவுதான் துப்புக் கொடுத்தது. அந்த நாளை நினைத்துப் பார்ப்பவர் கேமரா வேண்டும் என்றுதான் சொல்வார். நானும் அப்படித்தான் சொல்வேன்.

அதே சமயம், கேமரா எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்திருப்பது நல்லது. 40 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் வந்த ஒரு மதிப்பாய்வு, கேமரா இருக்கும் இடங்களில் குற்றம் சராசரியாக 13% குறைவதாகக் கண்டது. பலன் அதிகம் தெரிந்தது வாகன நிறுத்துமிடங்களில். வன்முறைக் குற்றங்களில் குறிப்பிடத்தக்க குறைவு தெரியவில்லை. நடந்த பிறகு ஆளைக் கண்டுபிடிக்கக் கேமரா உதவலாம். ஆனால் அதற்குச் சம்பவ இடத்துப் பதிவு சில நாட்கள் இருந்தால் போதும். ஊரில் எல்லோர் முகத்தையும் எந்நேரமும் அடையாளம் கண்டுகொண்டிருக்கத் தேவையில்லை.

உலகிலேயே அதிகக் கேமரா சென்னையில்தான் என்கிறார்களே?

2021-ல் பரவிய ஒரு பட்டியல் சென்னையில் சதுர கிலோமீட்டருக்கு 657 என்றது. அதே ஆண்டு வந்த இன்னொரு பட்டியல் சதுர மைலுக்கு சுமார் 610 என்றது. அதாவது கிலோமீட்டர் கணக்கில் ஏறக்குறைய 235. எந்தக் கேமராவை எண்ணுவது, நகர எல்லை எது என்பதைப் பொறுத்து எண் இப்படி மும்மடங்கு மாறும். எண்ணிக்கையைவிட, அவற்றில் எத்தனை இணைக்கப்பட்டவை என்று கேட்பதுதான் பயனுள்ளது.

முகப்படங்கள் பத்திரமாகத்தானே இருக்கும்?

தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாள மென்பொருள் 2021 அக்டோபரில் தொடங்கி வைக்கப்பட்டது. 2024 மே மாதம் அதன் இணையதளத்துக்குள் வெளியாட்கள் நுழைந்துவிட்டார்கள். ஊடுருவல் நடந்ததைக் காவல்துறையே ஒப்புக்கொண்டது, பாதிப்பு குறைவுதான் என்றும் விளக்கியது. குறைவாகவே இருக்கட்டும். பாஸ்வேர்ட் திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம். முகம் கசிந்தால் என்ன செய்வது?

திருட்டைவிட நான் அதிகம் பயப்படுவது உள்ளே இருப்பவரின் துருவலுக்கு. ஒரு ஊழியர் தனக்குத் தெரிந்த பெண்ணின் வண்டி எண்ணைத் தட்டிப் பார்த்தால் யாருக்குத் தெரியும்? யார் எப்போது எதைத் தேடினார் என்று ஒவ்வொரு தேடலும் பதிவாகி, அதை வேறொருவர் சரிபார்த்தால்தான் தெரியும்.

என் போனும் என்னைக் காட்டிக்கொடுக்குமா?

வைஃபையை ஆன் செய்து வைத்திருக்கும் போன், பக்கத்தில் என்ன இணைப்பு இருக்கிறது என்று தேடிக்கொண்டே இருக்கும். அப்படித் தேடும்போது அதன் அடையாள எண் வெளியே தெரியும். 2013-ல் லண்டனில் விளம்பரத் திரை வைத்த குப்பைத் தொட்டிகள் இப்படித்தான் கடந்துபோனவர்களின் போன்களைக் குறித்துக்கொண்டிருந்தன. விஷயம் வெளியானதும் நகர நிர்வாகம் நிறுத்தச் சொன்னது. லண்டன் சுரங்க ரயிலில் 2016 இறுதியில் 54 நிலையங்களில் 4 வாரம் நடந்த சோதனையில் 56 லட்சம் கருவிகள் பதிவாயின. அங்கே நிலையங்களில் அறிவிப்புப் பலகை வைத்துச் சொல்லிவிட்டுச் செய்தார்கள் என்பது முக்கியம். புதிய போன்கள் இந்த எண்ணை அடிக்கடி மாற்றிக்கொள்கின்றன. வெளியே போகும்போது வைஃபை, ப்ளூடூத் இரண்டையும் அணைத்துவிட்டால் இன்னும் நல்லது.

தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டதே, அது போதாதா?

2023 ஆகஸ்டில் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. அவற்றிலும் முக்கியமான கடமைகள் 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். அதைவிடப் பெரிய குறை 17-வது பிரிவில் இருக்கிறது. குற்றத்தைத் தடுக்க, விசாரிக்க என்று தரவைக் கையாளும்போது சட்டத்தின் பெரும்பகுதி பொருந்தாது. மத்திய அரசு அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கு மொத்தமாகவே விலக்குக் கொடுக்கலாம். ஆகவே தனியார் மால் கேமராவைக் கேள்வி கேட்க இந்தச் சட்டம் ஓரளவு உதவும், போலீஸ் கேமராவைக் கேட்க அதிகம் உதவாது. முக அடையாளத் தொழில்நுட்பத்துக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் எதுவும் இல்லை.

அப்படியானால் கையில் இருப்பது புட்டசாமி தீர்ப்பின் அளவுகோல்தான். தனியுரிமையில் அரசு கை வைக்க வேண்டுமென்றால் அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், எடுக்கும் நடவடிக்கை நோக்கத்துக்கு மிஞ்சிப் போகக் கூடாது.

இரவில் வழிமறித்து முகத்தைப் போனில் படம் எடுத்தால் மறுக்கலாமா?

கைதானவர்கள், தண்டனை பெற்றவர்கள் போன்றவர்களின் அளவீடுகளை எடுக்கத்தான் 2022-ம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம் அதிகாரம் கொடுக்கிறது. அந்தப் பதிவுகளை 75 ஆண்டு வரை வைத்திருக்கலாம். சும்மா வண்டியில் போகிறவர் அந்தப் பட்டியலில் இல்லை. ஹைதராபாத்தில் 2021 மே மாதம், ஊரடங்கு நேரத்தில், எஸ்.க்யூ. மசூத் என்ற சமூக ஆர்வலரை நிறுத்தி, முகக்கவசத்தைக் கழற்றச் சொன்னார்கள். அவர் மறுத்தும் படம் எடுத்தார்கள். எதற்காக, எந்தச் சட்டப்படி என்று அவர் தெலங்கானா உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2022 ஜனவரியில் அரசுக்கு நோட்டீஸ் போனது.

ஆனால் நள்ளிரவில் தனியாக நிற்பவரிடம், நீங்கள் சட்டம் பேசுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த நேரத்தில் மரியாதையாக, “எதுக்கு சார் போட்டோ?” என்று கேளுங்கள். நேரம், இடம், சட்டையில் இருக்கும் பெயர் மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு, மறுநாள் எழுத்தில் கேளுங்கள்.

மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள்?

சான் பிரான்சிஸ்கோ 2019 மே மாதம் நகரத் துறைகள் முக அடையாளத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம், பொது இடங்களில் போலீஸ் உடனுக்குடன் முகத்தை அடையாளம் காண்பதைச் சில விதிவிலக்குகள் தவிர 2025 பிப்ரவரி முதல் தடுத்திருக்கிறது. பிரிட்டனில் தெற்கு வேல்ஸ் காவல்துறை பயன்படுத்திய விதம் சட்டவிரோதம் என்று 2020 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று நமக்கும் அப்படியே பொருந்தும்: யாரைத் தேடுவது, எங்கே கேமரா வைப்பது என்பதைத் தனித்தனி அதிகாரிகளின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள்.

கேமரா சாதாரண மக்களையும் காப்பாற்றுமே?

காப்பாற்ற வேண்டும். சாத்தான்குளத்தை மறந்திருக்க மாட்டோம். 2020 ஜூனில் தந்தையும் மகனும் காவல் நிலையத்தில் அடிக்கப்பட்டு இறந்தார்கள். விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர், நிலையத்தின் சிசிடிவியில் போதுமான சேமிப்பிடம் இருந்தும், பதிவு தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததாக அறிக்கை கொடுத்தார். அந்த இரவின் பதிவு கிடைக்கவில்லை.

அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று, வேறொரு வழக்கில், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவு 18 மாதம் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தெருவில் நடக்கும் நம்மைப் பார்க்கும் பதிவு எத்தனை நாள், அதிகாரத்தில் இருப்பவரைப் பார்க்கும் பதிவு எத்தனை நாள் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்க வேண்டும்.

சரி, ஒரு சாதாரண ஆள் என்னதான் செய்ய முடியும்?

கேட்க முடியும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தில் மனுப் போடலாம், 30 நாளில் பதில் வர வேண்டும். நாட்டின் பாதுகாப்பு என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாதபடி கேள்வியைச் சின்னதாக, ஆவணமாகக் கேளுங்கள். உங்கள் மாநகராட்சிக் கட்டுப்பாட்டு மையத்தின் டெண்டர் நகல், அதில் முக அடையாளமோ நம்பர் பிளேட் படிப்பதோ இருக்கிறதா, பதிவை எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள், அதற்கான எழுத்து உத்தரவு, காவல்துறை பதிவைக் கேட்டால் பின்பற்றும் நடைமுறை, சென்ற ஆண்டு எத்தனை முறை கொடுத்தார்கள். பதில் வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. உங்கள் வார்டு கவுன்சிலரிடமும் இதே கேள்விகளைக் கொடுங்கள். சான் டியேகோவில் நடந்த மாதிரி, எதற்குக் கை தூக்கினோம் என்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

எங்கள் குடியிருப்போர் சங்கமே தெருவில் கேமரா வைக்கப்போகிறது. தடுக்கணுமா?

தடுக்க வேண்டாம், முறையாகச் செய்யச் சொல்லுங்கள். எங்கள் தெருவில் வைத்தபோது ஒரு கேமரா நேராக எதிர்வீட்டு மாடிப் படுக்கையறை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. வைத்தவர் கவனிக்கவே இல்லை. அந்த வீட்டு அம்மா ஒரு மாதம் ஜன்னலைத் திறக்காமல் இருந்துவிட்டு, பிறகுதான் தயங்கித் தயங்கி வந்து சொன்னார். கேமராவைச் சற்றுத் திருப்ப ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

எனவே பொருத்தும் அன்றே திரையில் என்ன தெரிகிறது என்று அந்தந்த வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். குரல் பதிவு வேண்டாம். கடையில் வரும்போது இருக்கும் பாஸ்வேர்டை முதலில் மாற்றுங்கள். எல்லோர் போனிலும் நேரலை தெரியும்படி வைக்காதீர்கள், இரண்டு பேர் போதும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். 15 நாளில் பதிவு அழியட்டும். யாராவது பதிவு கேட்டால், யார், எதற்கு, எந்த நேரத்துப் பதிவு என்று ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கம்பத்தில் ஒரு தகரப் பலகை மாட்டி, கேமரா சங்கத்துடையது என்றும், யாரைக் கேட்க வேண்டும் என்றும் எழுதி வையுங்கள்.